மதுரையிலிருந்து சென்னைக்கு விமானம்: தூரக் கணக்கும் நேரக் கணக்கும், முதல்முறை போகிறவர்களுக்கு

மதுரைக்கும் சென்னைக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டுப் பாருங்கள். கார் ஓட்டுகிறவர் 460 கி.மீ. என்பார். ரயிலில் போய்ப் பழகியவர் 490-க்கு மேலே சொல்வார். விமானத்துக்கு அது சுமார் 416 கி.மீ. மூன்றும் சரியான பதில்தான். நான்கு வழிச்சாலை மேலூர், துவரங்குறிச்சி வழியாகத் திருச்சி போய், பெரம்பலூர், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், திண்டிவனம் என்று சுற்றி வருகிறது. ரயில் இன்னும் ஒரு படி மேலே போய் முதலில் திண்டுக்கல்லுக்கு வடமேற்காக ஏறிவிட்டு அப்புறம்தான் திருச்சிப் பக்கம் திரும்புகிறது. விமானத்துக்கு ஊர்களைத் தொட்டுப் போக வேண்டிய வேலை இல்லை.

416 கி.மீ. தூரத்துக்கு விமானம் என்றால் அரை மணி நேரம்தானே என்று நினைத்து, சென்னையில் பத்து மணிக்கு இருக்கும் வேலைக்கு எட்டு மணி விமானத்தில் டிக்கெட் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இந்தக் கட்டுரை. இந்த வழித்தடத்தில் வானத்தில் இருக்கும் நேரம் மொத்தப் பயணத்தில் ஒரு சிறு பகுதிதான். வீட்டு வாசலில் இறங்கியதிலிருந்து போய்ச் சேரும் வாசல் வரைக்கும் கணக்குப் போட்டால்தான் விமானம் லாபமா இல்லையா என்று தெரியும்.

தூரத்தை நீங்களே கணக்குப் போடலாம்

இதற்குச் செயலி எதுவும் வேண்டாம், ஒரு தாளும் பேனாவும் போதும். மதுரை விமான நிலையம் வடக்கு அட்சரேகை 9.83 டிகிரியிலும் கிழக்குத் தீர்க்கரேகை 78.09 டிகிரியிலும் இருக்கிறது. சென்னை மீனம்பாக்கம் 12.99, 80.17. கழித்துப் பார்த்தால் தெற்கு வடக்காக 3.16 டிகிரி, மேற்கு கிழக்காக 2.08 டிகிரி வித்தியாசம். அட்சரேகையில் ஒரு டிகிரி என்பது சுமார் 111 கி.மீ. தீர்க்கரேகையில் ஒரு டிகிரி நம் பக்கத்தில் சுமார் 109 கி.மீ. ஆக, வடக்கே 351 கி.மீ., கிழக்கே 227 கி.மீ. பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் தேற்றம் இங்கே உதவும். இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 418 வருகிறது. இன்னும் நுணுக்கமாகப் போட்டால் 416. பயணத்துக்குத் திட்டமிடுகிறவருக்கு அந்த இரண்டு கி.மீ. ஒரு பொருட்டே இல்லை.

இதே கணக்கை மற்ற ஊர்களுக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு சுவாரசியம் கிடைக்கும். மதுரையிலிருந்து பெங்களூரு விமான நிலையம் சுமார் 375 கி.மீ. கொழும்புக்குப் போகும் விமானம் இறங்கும் கட்டுநாயக்க சுமார் 355 கி.மீ. அதாவது வானத்து வழியில் பார்த்தால் மதுரைக்காரருக்குத் தலைநகரைவிடக் கொழும்பு பக்கம்.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரம் எதைக் குறிக்கிறது

தூரம் தெரிந்தாயிற்று. அடுத்தது வேகம். இந்த வழித்தடத்தில் இரண்டு வகை விமானங்களைப் பார்க்கலாம். ஒன்று, இறக்கையில் காற்றாடி சுழலும் ஏடிஆர் 72. எழுபது பேருக்குச் சற்று மேல் ஏற்றும். மணிக்கு 500 கி.மீ. அளவில் பறக்கும். இன்னொன்று ஏர்பஸ் 320 போன்ற ஜெட். மணிக்கு 830 கி.மீ. வரை போகும். அப்படியானால் ஜெட்டுக்கு அரை மணி, ஏடிஆருக்கு 50 நிமிடம் என்றுதானே வர வேண்டும்? ஆனால் டிக்கெட்டில் ஒன்றே கால் மணி, ஒன்றரை மணி என்று போட்டிருப்பார்கள்.

காரணம், கால அட்டவணையில் இருப்பது பறக்கும் நேரம் மட்டும் இல்லை. விமானம் நின்ற இடத்தை விட்டு நகர்வதிலிருந்து, அந்த ஊரில் போய் நிற்கிற வரைக்கும் உள்ள நேரம் அது. ஓடுபாதைக்கு உருண்டு போக வேண்டும், வரிசை இருந்தால் காத்திருக்க வேண்டும், இறங்கியபின் மறுபடி உருண்டு வர வேண்டும். சென்னை பெரிய நிலையம், அதனால் அங்கே இந்த உருட்டல் கொஞ்சம் நீளும். மேலே ஏறும்போதும் கீழே இறங்கும்போதும் விமானம் முழு வேகத்தில் போகாது. 416 கி.மீ. தூரத்தில் முழு வேகத்தில் போகக் கிடைக்கும் நேரமே கொஞ்சம்தான். மேலே போய்ச் சேர்ந்து ஒரு காபி கொடுப்பதற்குள் இறங்கத் தொடங்கிவிடும்.

காற்றுக்கும் இதில் பங்கு உண்டு. விமானம் காற்றை எதிர்த்துத்தான் ஏறும், இறங்கும். மதுரையின் ஓடுபாதை கிழக்கு மேற்காகப் போடப்பட்டது. மேற்கிலிருந்து மேல்காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் பெரும்பாலும் மேற்கு நோக்கி ஏறிவிட்டு, அப்புறம் வடகிழக்காகத் திரும்ப வேண்டும். சென்னையிலும் அதே மாதிரிதான். மேல்காற்றுக் காலத்தில் கடல் பக்கமிருந்து வந்து, பரங்கிமலைப் பக்கமாக இறங்குவார்கள். தெற்கிலிருந்து வரும் விமானம் நிலையத்தைத் தாண்டிக் கடலுக்குப் போய்த் திரும்பி வர வேண்டியிருக்கும். ஜன்னலில் கடல் தெரிகிறதே, ஊரைத் தாண்டிவிட்டார்களா என்று பயப்பட வேண்டாம்.

எந்த ஊருக்கும் தோராயமாக நேரம் தெரிய ஒரு வழி சொல்கிறேன். தூரத்தை 800-ஆல் வகுத்து, கிடைக்கும் நேரத்தோடு அரை மணியோ முக்கால் மணியோ சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெட் விமானத்துக்கு இது பெரும்பாலும் ஒத்து வரும். ஏடிஆர் என்றால் 500-ஆல் வகுக்க வேண்டும்.

வாசலிலிருந்து வாசல் வரை

சிம்மக்கல்லில் வீடு, சென்னையில் எழும்பூர் பக்கம் வேலை என்று வைத்துக்கொள்வோம். விமான நிலையம் மதுரை ரயில் நிலையத்திலிருந்து சுமார் 12 கி.மீ. தெற்கே, பெருங்குடிப் பக்கம் இருக்கிறது. தெற்குவாசல் பாலத்தைத் தாண்டி, வில்லாபுரம், அவனியாபுரம் வழியாகப் போக முக்கால் மணி. புறப்படும் நேரத்துக்கு ஒன்றே முக்கால் மணி முன்னால் அங்கே இருங்கள். டிக்கெட்டில் உள்ள பயண நேரம் ஒரு மணி இருபது நிமிடம். இறங்கிப் பெட்டியை எடுத்து வெளியே வர அரை மணி. மெட்ரோ ஏறி எழும்பூர் போக, நடையையும் சேர்த்து, முக்கால் மணி. கூட்டினால் ஐந்து மணி நேரம் வந்துவிடும்.

இப்போது ரயிலைப் பாருங்கள். 2023 செப்டம்பரில் திருநெல்வேலியிலிருந்தும், 2024 ஆகஸ்டில் நாகர்கோவிலிலிருந்தும் சென்னைக்கு வந்தே பாரத் ஓடத் தொடங்கியது. இரண்டும் மதுரை வழி. மதுரை எழும்பூர் சுமார் ஆறு மணி நேரம். 2019 மார்ச்சில் தொடங்கிய தேஜஸ் அதைவிட அரை மணி கூட எடுக்கும். 1977-லிருந்து ஓடும் வைகைக்கு ஏழரை மணி. வந்தே பாரத்தில் போனால் வீட்டிலிருந்து ஸ்டேஷன் இருபது நிமிடம், முன்கூட்டி இருக்க இருபது நிமிடம், அந்தப் பக்கம் இருபது நிமிடம் என்று எல்லாம் சேர்த்தும் ஏழு மணி நேரம்தான். விமானம் மிச்சப்படுத்துவது இரண்டு மணி நேரம்.

அந்த இரண்டு மணி நேரத்துக்குக் கொடுக்கும் காசு தகுமா என்பது உங்கள் வேலையைப் பொறுத்தது. காலையில் போய் மாலையில் திரும்ப வேண்டும் என்றால் விமானத்தை விட்டால் வேறு வழி இல்லை. தூதரக நேர்காணல், கோர்ட் தேதி, மருத்துவமனையில் ஒருவரைப் பார்த்துவிட்டு வருவது போன்றவை இந்த வகை. வேலை கிண்டி, ஓஎம்ஆர், பல்லாவரம் பக்கம் என்றாலும் விமானம் லாபம், இறங்கினால் பக்கத்திலேயே இருக்கிறீர்கள். மறுநாள் காலையில் போய்ச் சேர்ந்தால் போதும் என்கிறவருக்குப் இரவு ரயிலான பாண்டியனில் ஒரு பெர்த் கிடைத்தால் நான் விமானத்தைச் சிபாரிசு செய்யவே மாட்டேன். தூங்கும் நேரத்தில் ஊர் போய்ச் சேர்கிறது, பகல் நேரம் ஒன்றும் வீணாவதில்லை. பஸ் எட்டு ஒன்பது மணி நேரம் ஆகும். 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறந்த பிறகு தென்மாவட்டப் பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. ஊருக்குள் போக இன்னொரு பயணம் பாக்கி இருக்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

மதுரையைச் சுற்றி இருக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. திண்டுக்கல்காரர் விமானத்துக்காக அறுபது கி.மீ.க்கு மேல் தெற்கே வந்து, மறுபடி வடக்கே பறப்பதில் அர்த்தமே இல்லை. ரயில் அவர் ஊர் வழியாகத்தான் போகிறது. காரைக்குடிக்காரர் திருச்சி விமான நிலையத்தையும் பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம், இரண்டும் அவருக்கு ஏறத்தாழ ஒரே தூரம். தேனி, இராஜபாளையம், சிவகாசி, அருப்புக்கோட்டைப் பக்கம் உள்ளவர்களுக்கு மதுரைதான். ஆனால் முக்கால் மணி என்று நான் போட்ட இடத்தில் அவரவர் ஊர்க் கணக்கைப் போட்டுக்கொள்ள வேண்டும்.

டிக்கெட் போடும்போது: இனிஷியல் தகராறு

விமானம் என்று முடிவாகிவிட்டதா, சரி. தேடும்போது மதுரைக்கு மூன்றெழுத்துக் குறியீடு ஐஎக்ஸ்எம், சென்னைக்கு எம்ஏஏ. பழக்கதோஷத்தில் எம்ஏடி என்று தட்டினால் ஸ்பெயினில் இருக்கும் மாட்ரிட் வந்து நிற்கும். நள்ளிரவுக்குப் பிறகு 00:30, 01:15 என்று நேரம் இருந்தால் தேதியை இரண்டு முறை பாருங்கள். 15-ஆம் தேதி 00:30 என்றால் 14-ஆம் தேதி இரவே சாப்பிட்டுக் கிளம்ப வேண்டும். இந்தக் குழப்பம் வெளிநாட்டு விமானங்களில்தான் அதிகம்.

நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது பெயரில். படிவம் முதல் பெயர், கடைசிப் பெயர் என்று இரண்டு கட்டம் கேட்கும். நமக்கு இருப்பதோ ஒரு பெயரும் ஓர் இனிஷியலும். கையில் கொண்டுபோகும் அடையாள அட்டையில் என்ன இருக்கிறதோ, அதையே பின்பற்றுங்கள். ஆதாரில் இனிஷியல் மட்டும் இருந்தால் முதல் கட்டத்தில் பெயர், கடைசிக் கட்டத்தில் அந்த எழுத்து. சில தளங்கள் ஒற்றை எழுத்தை ஏற்காது. அப்போது தந்தை பெயரை விரித்து எழுதலாம், முதல் எழுத்து பொருந்தினால் உள்நாட்டுப் பயணத்தில் பெரும்பாலும் பிரச்சினை வராது. கூப்பிடும் பெயரில் டிக்கெட் போடுவதுதான் ஆபத்து. அட்டையில் மீனாட்சிசுந்தரம் என்று இருப்பவருக்கு, வீட்டில் கூப்பிடுகிற சுந்தர் என்ற பெயரில் பையன் டிக்கெட் போட்டுவிடுவான். வாசலில் நிற்கும் மத்தியப் பாதுகாப்புப் படைக்காரர் டிக்கெட்டையும் அட்டையையும் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார், மறுபடி அட்டையைப் பார்ப்பார். வரிசை பின்னால் வளர்ந்துகொண்டே போகும். எழுத்துப் பிழை தெரிந்தால் அன்றைக்கே விமான நிறுவனத்தைக் கூப்பிட்டுத் திருத்திவிடுங்கள், விமான நிலையத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடாதீர்கள்.

ஆதார், வாக்காளர் அட்டை, ஓட்டுநர் உரிமம், பான், பாஸ்போர்ட் இவற்றில் ஒன்று அசலாகக் கையில் இருந்தால் போதும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வயதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும்.

கட்டணம் நாளுக்கு நாள் மாறும், அதனால் இங்கே எண் எதுவும் எழுதவில்லை. பொங்கல், தீபாவளி வாரங்களில் எகிறும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. ரயில் முன்பதிவு பயண நாளுக்கு 60 நாள் முன்னால் திறக்கும். பண்டிகை என்றால் முதலில் அங்கே முயன்றுவிட்டு, கிடைக்காதபோது விமானம் பக்கம் வருவதுதான் பெரும்பாலான குடும்பங்கள் செய்வது. அதனால்தான் கட்டணமும் ஏறுகிறது.

பெட்டிக்குள் எது, கைப்பையில் எது

உள்நாட்டு சாதாரண வகுப்பில் பொதுவாகக் கவுன்டரில் கொடுத்துவிடும் பெட்டி 15 கிலோ, கூடவே கொண்டுபோகும் கைப்பை 7 கிலோ. சென்னையில் மகளுக்குக் கொண்டுபோகும் சாமான் இந்த 15-ஐத் தாண்டாமல் இருந்தால் அது அதிசயம். வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள், கவுன்டரில் கூடுதல் கிலோவுக்குக் கேட்கும் தொகை மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

ஊறுகாய், நெய், நல்லெண்ணெய் எல்லாம் பெட்டியில் போக வேண்டியவை. கைப்பையில் வைத்தால் பாதுகாப்புச் சோதனையில் எடுத்து வெளியே வைக்கச் சொல்லுவார்கள். மாவடு ஜாடியோடு நிற்கும் அம்மாவுக்கு அந்த இடத்தில் இரண்டே வழி: திரும்பிப் போய்ப் பெட்டியில் சேர்ப்பது, அல்லது அங்கேயே விட்டுவிட்டுப் போவது. பெட்டி ஏற்கெனவே உள்ளே போயிருக்கும், அதனால் பெரும்பாலும் இரண்டாவதுதான். ஜாடியை வாய் கட்டிப் பிளாஸ்டிக் பையில் போட்டுத் துணிகளுக்கு நடுவே வைத்துவிட்டால் இந்தத் துயரம் இல்லை. அரிவாள்மனை, கத்திரிக்கோல் போன்றவையும் பெட்டிக்குள்தான். மதுரைக்காரர் பையில் அரிவாள் என்று கேலி பேச ஆள் கிடைக்கும், வாய்ப்பு கொடுக்காதீர்கள்.

கொப்பரைத் தேங்காயைக் கைப்பையிலும் பெட்டியிலும் வைக்கக் கூடாது. அதில் எண்ணெய்ச் சத்து அதிகம், தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடிய பொருள் என்று விமானத் துறை வகைப்படுத்தியிருக்கிறது. கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே கிளம்புகிறவர்கள் பிரசாதப் பையில் கற்பூரம், தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இவையும் கூடாது. பவர் பேங்க் நேர் எதிர்: கைப்பையில் மட்டும்தான், பெட்டியில் போடக் கூடாது.

மல்லிகைப் பூவுக்குத் தடை இல்லை. 2013-இல் புவிசார் குறியீடு வாங்கிய மதுரை மல்லியைத் தாராளமாகக் கையில் கொண்டுபோகலாம். அரும்பாக வாங்கினால் சென்னை போய்ச் சேரும்போது மலரத் தொடங்கும். அல்வாவையும் கட்டியான பாக்கெட்டாகக் கொண்டுபோகலாம். ஜிகர்தண்டாவை இங்கேயே குடித்துவிட்டுப் போய்விடுங்கள்.

ஏர்போர்ட்டுக்குப் போகும் வழி

மாட்டுத்தாவணி, அண்ணா நகர், ஒத்தக்கடைப் பக்கம் இருக்கிறவர்கள் ஊருக்குள் வரவே வேண்டாம். ரிங் ரோட்டைப் பிடித்து, விரகனூர் தாண்டி மண்டேலா நகர் வந்துவிட்டால் விமான நிலையம் பக்கம்தான். திருமங்கலம், கப்பலூர்ப் பக்கம் உள்ளவர்களுக்கும் ரிங் ரோடுதான் நல்லது. பழைய ஊருக்குள், மாசி வீதிகளில் இருப்பவர்களுக்குத் தெற்குவாசல், வில்லாபுரம் வழி. அந்தப் பாலத்தில் மாலை நேரத்தில் மாட்டிக்கொண்டால் நான் சொன்ன முக்கால் மணி நேரம் ஒரு மணியைத் தாண்டும். கைப்பை மட்டும் இருக்கிறவர்கள் பெரியார் பஸ் ஸ்டாண்டிலிருந்து பெருங்குடி போகும் டவுன் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து ஆட்டோ பிடிக்கலாம். விடியற்காலை விமானத்துக்கு மட்டும் ஆட்டோவையோ காரையோ முந்தின நாளே பேசி வைத்துவிடுங்கள்.

ஊர்த் திருவிழாக்களைக் காலண்டரில் குறித்து வைப்பது இந்த வழித்தடத்தில் நிஜமாகவே அவசியம். தைப் பொங்கலன்று அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டு. விமான நிலையத்துக்குப் போகும் சாலையே அது. வாகனங்களைத் திருப்பிவிடுவார்கள், கூட்டம் வேறு. அன்றைக்கு ரிங் ரோடு தவிர வேறு யோசனையே வேண்டாம். மறுநாள் பாலமேடு, அடுத்த நாள் அலங்காநல்லூர், அவை ஊருக்கு வடக்கே இருப்பதால் தொந்தரவு குறைவு. சித்திரைத் திருவிழாவில் தேரோட்டத்தன்றும் அழகர் ஆற்றில் இறங்கும் நாளிலும் வைகையைக் கடப்பதே பெரிய வேலை. ஆற்றுக்கு வடக்கே, தல்லாகுளம், கே.கே. நகர்ப் பக்கம் இருப்பவர்கள் அன்றைக்கு மிகவும் முன்னதாகக் கிளம்பி ரிங் ரோட்டில் சுற்றி வர வேண்டும்.

உள்ளே நுழைந்ததும்

இப்போது இருக்கும் முனையம் 2010-இல் திறந்தது. சின்ன நிலையம்தான், வழி தவறிப் போக வாய்ப்பில்லை. வெப் செக்-இன், அதாவது இணையத்திலேயே வருகைப் பதிவு, முந்தின நாளே செய்து, விமானம் ஏறுவதற்கான சீட்டான போர்டிங் பாஸைக் கைபேசியில் வைத்துக்கொள்ளலாம். பெட்டி இருந்தால் கவுன்டருக்குப் போய்த்தான் ஆக வேண்டும். பெரும்பாலான நிறுவனங்கள் உள்நாட்டு விமானத்துக்குக் கவுன்டரை 60 நிமிடத்துக்கு முன்பே மூடிவிடும். இது கறாரான விதி. 59-ஆவது நிமிடத்தில் போய்க் கெஞ்சிப் பயனில்லை. ஏறும் கேட்டும் புறப்பாட்டுக்கு 20, 25 நிமிடத்துக்கு முன்னால் மூடப்படும். ரயில் மாதிரி ஓடிப்போய்த் தொற்றிக்கொள்ளும் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

பாதுகாப்புச் சோதனையில் லேப்டாப், பவர் பேங்க், பெல்ட், சாவிக்கொத்து எல்லாம் தட்டில் போக வேண்டும். தாலிச் சங்கிலி, வளையல் எதையும் கழற்ற வேண்டியதில்லை. பெண்களுக்குத் தனித் தடுப்புக்குள் பெண் காவலர்தான் சோதிப்பார்.

ஜன்னல் இருக்கை கிடைத்தால் ஒரு குறிப்பு. விமான நிலையம் ஊருக்குத் தெற்கே இருப்பதால், கிழக்கு நோக்கி ஏறினால் இடதுபக்க ஜன்னலில் நகரம் தெரியும். மேற்கு நோக்கி ஏறினால் வலதுபக்கத்தில் திருப்பரங்குன்றம் மலை. இறங்கும்போது காது அடைக்கும். குழந்தைகளுக்குக் கையில் ஒரு மிட்டாய் கொடுத்துவிடுங்கள், விழுங்கும்போது அடைப்பு விடும்.

தாமதமானால்

இந்த வழித்தடத்தில் சிக்கல் பெரும்பாலும் சென்னை முனையிலிருந்துதான் வரும். போகிப் பண்டிகைக் காலையில் ஊரெல்லாம் எரிக்கும் புகை, பனியோடு சேர்ந்து ஓடுபாதையை மறைத்துவிடும். 2018 போகியன்று ஏராளமான விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன. போகி காலை விமானத்தில் டிக்கெட் போடாதீர்கள், மதியத்துக்கு மேல் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் புயல் சின்னம் உருவானால் முந்தின நாளிலிருந்தே செய்தியைக் கவனியுங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் ஓடுபாதையில் தண்ணீர் நின்றது.

இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாமதம் என்று தெரிந்தால், இவ்வளவு குறுகிய பயணத்துக்கு நிறுவனம் சிற்றுண்டி கொடுக்க வேண்டும் என்பது விதி. ஆறு மணி நேரத்துக்கு மேல் போனால் வேறு விமானமோ முழுப் பணமோ கேட்கலாம். கேட்டால்தான் கிடைக்கும், கூச்சப்படாதீர்கள். விமானமே ரத்து என்று சொல்லிவிட்டால், கவுன்டர் வரிசையில் நிற்கும்போதே ஒருவர் கைபேசியில் ரயில் பஸ் தேடத் தொடங்கிவிடுங்கள். ஆறு மணி நேரத்தில் போய்ச் சேரும் ரயில் இருக்கும்போது மறுநாள் விமானத்துக்குக் காத்திருப்பது வீண்.

சென்னையில் இறங்கியதும்

டாக்ஸிக்காரர்கள் கூப்பிடுவார்கள். அவசரமில்லை என்றால் மெட்ரோவே போதும், 2016-லிருந்து நிலையத்தின் வாசலிலேயே இருக்கிறது. சென்ட்ரல், தேனாம்பேட்டை, கிண்டிக்கு நேர் வண்டி. எழும்பூர், வடபழனி, கோயம்பேட்டுக்கு ஆலந்தூரில் மாறிக்கொள்ளலாம். தாம்பரம், செங்கல்பட்டுப் பக்கம் போகிறவர்களுக்கு எதிரே திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் கிடைக்கும். சாலையைக் குறுக்கே கடக்காமல் சுரங்கப்பாதையில் போங்கள்.

திரும்பி வரும்போது கவனிக்க வேண்டியது முனைய எண். சென்னையில் உள்நாட்டு விமானங்கள் ஒன்றாம் எண், நான்காம் எண் என்று இரண்டு முனையங்களிலிருந்து கிளம்புகின்றன. டிக்கெட்டில் எது போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டு டாக்ஸிக்காரரிடம் சொல்லுங்கள்.

மதுரையிலிருந்தே வெளிநாடு போகிறவர்களுக்கு

2012-இல் கொழும்பு விமானத்தோடு மதுரையின் வெளிநாட்டுச் சேவை தொடங்கியது. இங்கே கடிகாரக் கணக்கு ஒன்று கூடுதலாகச் சேர்கிறது. மதுரையிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,010 கி.மீ., துபாய் சுமார் 2,950 கி.மீ. ஏறத்தாழ ஒரே தூரம், ஏறத்தாழ ஒரே பறக்கும் நேரம், நான்கேகால் மணி அளவில். ஆனால் டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம். சிங்கப்பூர் நம்மைவிட இரண்டரை மணி முன்னால், துபாய் ஒன்றரை மணி பின்னால். அதனால் டிக்கெட்டைப் பார்த்தால் சிங்கப்பூருக்கு ஏழு மணி நேரத்தை ஒட்டியும், துபாய்க்கு மூன்று மணி நேரத்தை ஒட்டியும் தெரியும். கொழும்புக்கு இந்தத் தொல்லை இல்லை, நமக்கும் அவர்களுக்கும் ஒரே நேரம்.

அங்கே கூட்டிப் போக வருகிறவருக்கு இறங்கும் நேரத்தைச் சொல்லும்போது டிக்கெட்டில் உள்ளதை அப்படியே சொல்லுங்கள், கூட்டவும் வேண்டாம் கழிக்கவும் வேண்டாம். மூன்று மணி நேரம் முன்னதாக நிலையத்தில் இருங்கள். துபாய்க்குச் சுற்றுலா விசாவில் போகிறவர்களுக்கு இன்னொரு விஷயம்: பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்து, குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் ஐக்கிய அரபு அமீரகம் ஏற்க மறுக்கலாம். டிக்கெட் போடுவதற்கு முன்பே பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்துவிடுங்கள், திருத்த வேண்டியிருந்தால் அதற்கு நாள் பிடிக்கும்.